நாத்தனாரின் புள்ளிகளை நான் ஏன் மறைத்தேன்

என் வீட்டுக்காரரின் செல்லத் தங்கையே, என்னோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டும் அலுக்காத என் நாத்தனாரே, சரோஜா,

உன் முதல் திதி போன வாரம் முடிந்தது. மெல்பர்னிலிருந்து மாலினி வந்திருந்தாள். ஐயர் அவசரத்தில் உன் அப்பா பெயரைத் தப்பாகச் சொன்னார். நிறுத்தி, சரியான பெயரைச் சொல்லவைத்தேன். "அத்தை, இன்னிக்காவது விடுங்களேன்" என்றாள் உன் மகள். எப்படி விடுவது? தப்பான விலாசத்துக்கு அனுப்பினால் உனக்கு எப்படி வந்து சேரும்?

இந்தக் கடிதத்தை ஞாயிறு மலரில் போடப்போகிறார்கள். ஊரே படிக்கும். அதனால் சில விஷயங்களை எழுத மாட்டேன். நாம் போன காடு எது, எந்த ஓடை, அந்தப் பூவின் பெயர் என்ன, எதுவும் இதில் இருக்காது. உனக்குத் தெரியும். தெரிய வேண்டியவர்களிடம் நேரில் சொல்லியாயிற்று. மற்றவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள்?

எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காட்டின் செடிகளை இணையத்தில் பதிந்தவர்கள் பட்டியலில் முதலில் இருந்த உன் பெயர் இப்போது அங்கே இல்லை. அதை இறக்கியவள் நான். நம்மோடு நடக்க வந்தவர்கள் கோயிலில் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் போகிறார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்ல எனக்கு அவசியமில்லை. உனக்குச் சொல்கிறேன். அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

உன் அண்ணன் போன பிறகு நான் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீதான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி வந்து கதவைத் தட்டினாய்.

"அண்ணி, கிளம்புங்க. காட்டுக்குப் போவோம்."

"வயசானா வீடு போ போங்கும், காடு வா வாங்கும்னு சொல்வாங்க. நீ அதுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கியா?" என்றேன்.

"ஆமா, வாங்க. போற வழியில ரொட்டி சானாய் வாங்கித் தரேன்" என்றாய்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. பாதுகாக்கப்பட்ட காடு. வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போவோம். வழியில் கண்ட ஒவ்வொரு செடியையும் உன் ஹேண்ட்போனில் பிடிப்பாய். இலையின் முன்பக்கம், பின்பக்கம், தண்டு, பூத்திருந்தால் பூ. ஒன்றைக்கூட விட மாட்டாய். வீட்டுக்குப் போனதும், நடந்த வரிசை மாறாமல், செடிகளைப் பதிகிற ஓர் இணையத் தளத்தில் ஏற்றுவாய். முகம் தெரியாத யாரோ பெயர் சொல்வார்கள். இன்னொருவர் "ஆமாம், அதுதான்" என்பார். வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். உனக்கு மனசு நிறைந்துவிடும்.

எனக்கு நிறையவில்லை. இதையெல்லாம் யார் சேர்த்துவைக்கிறார்கள்? எதற்கு? கூலி வாங்காமல் இத்தனை பேர் ஏன் வேலை செய்கிறார்கள்? ஒருநாள் சோதித்துப் பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா? என் பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலையைப் படமெடுத்துப் போட்டேன். வேப்பமரம் என்று சொன்னது உன் தளத்து இயந்திரம்.

"அதுக்கு மூக்கு இல்லையே அண்ணி, பாவம்" என்றாய்.

"மூக்கில்லாதவன் ஏன் என் சமையற்கட்டுக்குள்ள வரான்?" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அந்தக் காட்டுக்கென்று தளத்தில் ஒரு பக்கம் உண்டு. அதிகச் செடிகளைப் பதிந்தவர் யார் என்ற பட்டியலில் உன் பெயர்தான் தலையில். அதைச் சாப்பாட்டுக் கடைப் பையனிடம்கூடக் காட்டுவாய். இரண்டாவது இடத்தில் இருந்தவர் வழிநெடுகப் புல்லையே படமெடுத்துப் போடுகிற மனிதர். "புல்லுக்காரர் நெருங்கிட்டாரு அண்ணி" என்று சொல்லி, காய்ச்சலோடு காட்டுக்குப் போனவள் நீ. பள்ளியில் எந்த வகுப்பிலும் முதலாவதாக வந்ததில்லை என்று உனக்கு ஒரு மனக்குறை. எனக்குத் தெரியும்.

பிறகு அந்தப் பூ. நீ போவதற்கு முந்தைய மழைக்காலம். ஓடையைத் தாண்டி, பாசி பிடித்த பாறையின் மடிப்பில், தரையோடு தரையாக வளர்ந்த ஓர் ஆர்க்கிட். இலையில் வெளிர்பச்சைக் கட்டங்கள். பூ, குழந்தையின் செருப்பைத் தொங்கவிட்டாற்போல். நீ ஈரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டாய். நான் உன் சேலை பாழாகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரிய செடி என்பதால் தளமே அதன் இடத்தை மறைத்துவிட்டது. சரியான இடம் பதிந்தவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்குப் புள்ளி ஒரு பெரிய கட்டத்துக்குள் எங்கேயோ தெரியும். "பார்த்தீங்களா, அவங்களும் உங்கள மாதிரி சந்தேகப் பிராணிதான்" என்றாய். அன்றைக்கு முதல் தடவையாக அந்தத் தளத்தின்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

நீ போன பிறகு மாலினி உன் பாஸ்வேர்டை எனக்கு அனுப்பினாள். "அம்மாவுக்குக் கேள்வி வந்துக்கிட்டே இருக்கு அத்தை. நீங்க பதில் சொல்லுங்க. அம்மா பேரு அங்க உயிரோட இருக்கட்டும்." சரி என்றேன். காலையில் காப்பி குடித்த கையோடு உன் பதிவுகளைப் படிக்க உட்காருவேன். உன் குறிப்புகளின் ஆங்கிலத்தை என்னால் அப்படியே விட முடியவில்லை. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பள்ளியில் கன்னியாஸ்திரீகள் என்னை அப்படி வளர்த்துவிட்டார்கள். நான் என்ன செய்ய?

ஒரு காலையில் அந்தச் செய்தி வந்திருந்தது. பெயர் என்ற இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒன்று. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரணி இலை. "ஆன்டி, அந்த ஆர்க்கிட் இன்னும் இருக்கிறதா? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சரியாக எந்த இடம்?"

நீ போன அறிவிப்பு பத்திரிகையில் படத்தோடு வந்தது. இறந்துபோனவளிடம் நேராகப் பூ எங்கே என்று கேட்கிற ஆள் யார்? பழைய செய்திகளைப் புரட்டினேன். அந்தப் பெரணி இலையை நீ தம்பி, தம்பி என்று அழைத்திருக்கிறாய். நீ யாரைத்தான் தம்பி என்று கூப்பிடவில்லை? குழாயைச் சரிசெய்ய வந்து வீட்டையே குளமாக்கிவிட்டுப் போனவனும் உனக்குத் தம்பிதான்.

உடனே பதில் போடவில்லை. வேறொன்றைச் சோதித்தேன். நானே திருடியாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பேன்? உன் பதிவுகள் ஒவ்வொன்றுக்கும் தளம் ஓர் எண் கொடுத்திருக்கிறது. நீ நடந்த வரிசையில் ஏற்றியதால் எண்களும் அதே வரிசையில் இருக்கின்றன. பூவின் எண்ணுக்கு முந்தைய எண்ணில் ஒரு பெரணி. அடுத்த எண்ணில் ஒரு காட்டு இஞ்சி. இரண்டும் சாதாரணச் செடிகள். அவற்றின் இடத்தை யாரும் மறைக்கவில்லை, வரைபடத்தில் குண்டூசி குத்தியதுபோல் இருந்தன. இரண்டுக்கும் நடுவே கல்லெறியும் தூரம்கூட இல்லை. பூட்டிய அறைக்கு இரண்டு பக்கமும் விளக்கேற்றி வைத்த மாதிரி.

(பெரணி, இஞ்சி என்று எழுதியது உதாரணத்துக்கு. உண்மையில் வேறு செடிகள். யாரும் போய்த் தேட வேண்டாம்.)

நீ ஒன்றையும் விடாமல், ஒழுங்காக, உண்மையாக வேலை செய்ததே வழிகாட்டிப் பலகை ஆகிவிட்டதா, சரோஜா? அந்தப் பெரணி இலை ஆசாமிக்கு இது தெரியுமா? தெரிந்தால் ஏன் என்னைக் கேட்கிறான்? தெரியாவிட்டால் இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரே வரி எழுதினேன். "சனிக்கிழமை மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸ் வாருங்கள், பேசலாம்." கடையின் பெயரையும் சொன்னேன். நீயும் நானும் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவோமே, அந்தக் கடைதான். கூட்டமான இடம். ஏதாவது என்றால் கத்தலாம்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். தேய்த்த சட்டை, கையில் ஜவுளிக்கடைப் பை. பெயர் நசீர். கிள்ளானில் துணிக்கடை. பாட்டனார் கீழக்கரையிலிருந்து வந்தவராம். நான் அவரை மேலும் கீழும் பார்ப்பதற்குள் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாரு?" என்றார், உட்காராமலே.

"கூப்பிட்டவ நான். கேள்வியும் நான்தான் கேட்பேன். உட்காருங்க, மிஸ்டர்."

"சரோஜா ஆன்டி மௌத்தாயிட்டாங்கன்னு பேப்பர்ல பார்த்தேன். அவங்க பேர்ல நீங்க எப்படி பேசுறீங்க?"

"அவ போனது தெரிஞ்சும் அவகிட்ட பூ எங்கேன்னு கேட்டீங்களா? வெட்கமா இல்ல?"

"அவங்கள கேக்கல ஆன்டி. அவங்க அக்கவுண்ட்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன். திருட்டு ஆளா இருந்தா பதில் வராது, இல்லன்னா பொய்யா ஒரு இடம் வரும். நீங்க என்னடான்னா சாப்பிடக் கூப்பிடுறீங்க. ரெண்டு நாளா மண்டை காயுது."

நான் அவருக்கு வலை விரித்தேன் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் எனக்கு விரித்திருக்கிறார்.

கூட்டு வைத்துக்கொண்டிருந்த பையன் தஞ்சாவூர்ப் பக்கம். வேலை பெர்மிட்டில் வந்தவன். நடுவில் தலையை நீட்டி, "அம்மா, ரசம் ஊத்தட்டுமா?" என்றான். "ஊத்தாதே, நில்லு, இங்கேயே நில்லு" என்றேன். சாட்சி வேண்டுமே. அவன் ரச வாளியோடு அப்படியே நின்றான்.

மிஸ்டர் நசீர் தன் ஹேண்ட்போனை என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். செடி விற்கிற குழு ஒன்றில் வந்த படம். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் நம் பூ.

"இத வித்தது யாரு?" என்றார்.

"என்னையா கேக்குறீங்க?"

"வேற யார கேக்குறது? ஆன்டி மௌத்தான பிறகு அக்கவுண்ட் முழிச்சிக்கிச்சு. பழைய பதிவையெல்லாம் யாரோ தோண்டித் தோண்டித் தொடுறாங்க. மறைச்ச இடம் அக்கவுண்ட்காரங்களுக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த மாசமே பூ சேலுக்கு வருது. என் இடத்துல இருந்தா நீங்க யார சந்தேகப்படுவீங்க?"

"என்னைத்தான்" என்றேன். வேறென்ன சொல்ல? அவர் போட்ட கணக்கில் பிழை இல்லையே.

பிறகு சொன்னேன், நான் தொட்டது எதற்கு என்று.

"மௌத்தானவங்க இங்கிலீஷையா திருத்துனீங்க?"

"உயிரோட இருந்தப்பவும் திருத்தினேன்."

"அல்லாவே" என்று சிரித்துவிட்டார். ரச வாளிப் பையனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சிரிக்கவைத்துக் காரியம் சாதிக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

"தொட்டியில இருக்கிறது நம்ம காட்டுப் பூதான்னு எப்படிச் சொல்றீங்க, மிஸ்டர்? உலகத்துல வேற எங்கேயும் இல்லையா?"

அவர் உன் படத்தையும் விற்பனைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினார். இடதுபக்க இலையின் ஓரத்தில் பூச்சி கடித்த பள்ளம், பிறைபோல். இரண்டிலும் அதே இடத்தில், அதே அளவில். இலைமேல் ஓடும் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒத்துப்போயின. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மறுபடியும் ஒத்துப்போயின.

ரசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிறே அவருடைய துணிக்கடை வேனில் காட்டுக்குப் போனோம். ஏறுவதற்கு முன்பே வேன் நம்பரை மாலினிக்கு அனுப்பிவைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினேன். அவரும் தன் மனைவிக்கு என் படத்தை எடுத்து அனுப்பினார். நியாயம்தான்.

"முன்னால நடங்க. கை ரெண்டும் என் கண்ணுக்குத் தெரியணும்" என்றேன்.

"ஆன்டி, கொசு கடிக்குதுலா!"

"ஒரு கையால அடிச்சிக்கோங்க."

ஓடை வரைக்கும் அவர் எந்த இடத்திலும் தயங்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. "வழி எப்படித் தெரியும்?" என்றேன்.

"நேத்து ராத்திரி உக்காந்து பார்த்தேன். பூவுக்கு முந்தின பதிவு, அடுத்த பதிவு நம்பர வச்சுத்தான்" என்றார். "இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது உங்க கண்ணுல படலையா?"

நான் கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். துணிக்கடைக்காரர் அதையே கடை சாத்திவிட்டு வந்து செய்திருக்கிறார்.

பாறை மடிப்பில் பாசி பாய்போல் உரிக்கப்பட்டிருந்தது. செடி இருந்த இடத்தில் ஒரு குழி, அதில் மழைத் தண்ணீர். கொஞ்சம் கீழே, முறிந்து விழுந்த ஒரு கிளைக்கு அடியில், சின்னக் கன்றுகள் சில தப்பித்திருந்தன. எடுத்தவன் பார்க்கவில்லை. மிஸ்டர் நசீர் ஹேண்ட்போனை வெளியே எடுத்தார். "வேண்டாம்" என்றேன். வாதாடாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவருக்கு மதிப்பெண் போட்டேன்.

வாசலில் இருந்த வனக்காவல் ரேஞ்சரிடம் சொன்னோம். அவர் எங்களோடு வந்து பார்த்தார், புகார் எழுதிக்கொண்டார். "மக்சிக், இடம் எப்படி வெளியே போச்சு?" என்று, அவரும் என்னை ஆன்டியாக்கி, மலாயில் கேட்டார். தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. உன் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு வந்தானா, தற்செயலாக வந்தானா, யாருக்குத் தெரியும்? உன்னால் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. உன்னால் இல்லை என்று சொல்லவும் இல்லை. அதோடுதான் நான் தினமும் எழுந்திருக்கிறேன்.

திரும்பும்போது வேனிலேயே முடிவைச் சொன்னேன். அந்தப் பாதை முழுக்க உன் பதிவுகள் எல்லாவற்றின் இடத்தையும் மூடப்போகிறேன். பெரணி, இஞ்சி, பாக்கு, பிரம்பு, எல்லாம்.

மிஸ்டர் நசீருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆன்டி, நாளைக்கு ரோடு போடணும், வீடு கட்டணும்னு எவனாவது வந்தா முதல்ல மேப்பத்தான் பார்ப்பான். மேப் காலியா இருந்தா, இங்க ஒண்ணுமே இல்ல, வெட்டுன்னுடுவான். சரோஜா ஆன்டி இத்தன வருஷம் முட்டி வலியோட ஏறுனது எதுக்கு?"

அவர் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை, சரோஜா. திருடனுக்கு மறைத்தால் காப்பாற்றுகிறவனுக்கும் மறைகிறது. உன் வேலை இரண்டு பேருக்குமே வெளிச்சம் காட்டுகிறது. வேன் கம்போங் மேடான் பக்கம் நெரிசலில் நின்றுபோனது.

கடைசியில் நான் செய்தது இது. உன் பதிவுகளையெல்லாம் சரியான இடங்களோடு எடுத்து, காய்ந்த செடிகளைப் பாடம்பண்ணி வைக்கும் ஆராய்ச்சிக்கூடத்து அம்மையாரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரையும் விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தேன். யார் யார் பார்ப்பார்கள், சாவி யாரிடம், நீங்கள் ஓய்வுபெற்ற பிறகு யாரிடம் போகும்? பொறுமையாகப் பதில் சொன்னார். காட்டை வெட்ட யாராவது வந்தால் அவரிடம் ஆதாரம் இருக்கும். திருட வருகிறவனுக்கு இருக்காது. இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் கனவில் வந்து சொல்.

பிறகு உன் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பதிவாக மூடினேன். மொத்தமாகச் செய்யவும் ஏதோ வழி இருக்கிறதாம். நான் ஒவ்வொன்றாகத்தான் செய்தேன். உன் படத்தைப் பார்த்துவிட்டு மூடினேன். சிலவற்றில் ஓரத்தில் என் குடை நுனி தெரிந்தது. ஒன்றில் உன் விரல். ஒவ்வொன்றை மூடும்போதும் வரைபடத்தில் ஒரு புள்ளி காணாமல் போனது. இடம் மூடிய பதிவுகளை அந்தக் காட்டின் கணக்கில் தளம் சேர்ப்பதில்லை. எனக்கு அது முன்பே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மறுநாள் மெல்பர்னிலிருந்து போன்.

"அத்தை, அம்மா பேரு எங்க? தினமும் ஆபீஸ் போறதுக்கு முன்னால பார்ப்பேன். மேல இருந்தாங்களே!"

சொன்னேன். முழுதும் சொன்னேன். அவள் அழுதாள். "அம்மாவ ரெண்டாவது தடவ எடுத்துட்டீங்க" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "அம்மா இருந்திருந்தா சம்மதிச்சிருப்பாங்களா?"

சம்மதித்திருப்பாயா, சரோஜா? முதலில் மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். என்னைக் கண்டபடி பேசியிருப்பாய். "உங்களுக்கு என்மேல எப்பவும் பொறாமை அண்ணி" என்று உன் அண்ணன் படத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாய். ஒரு வாரம் போன் வந்திருக்காது. அப்புறம் ஒரு மத்தியானம் பாயசத் தூக்கோடு வாசலில் நின்று, "அந்தக் கன்னுங்க பிழைச்சிதா?" என்று கேட்டிருப்பாய். அந்தக் கேள்விக்காவது இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. பிழைத்திருக்கின்றன. ஒன்றில் புது இலை வந்திருக்கிறது.

மிஸ்டர் நசீரை நான் இன்னும் நம்பவில்லை. பாதிதான். கறிவேப்பிலைக் கன்று கேட்டார், கொடுத்தேன். ரசீது கேட்டு அவர் என்னைக் கேலி செய்தார். மாதம் ஒருமுறை இரண்டு பேரும் போகிறோம். யாரும் படம் எடுப்பதில்லை. கன்றுகளை எண்ணிப்பார்த்துவிட்டு ரேஞ்சரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருகிறோம். போன தடவை ஏற்றத்தில் மூச்சு வாங்கி நான் நின்றபோது, அவர் திரும்பிப் பார்க்காமலே அங்கேயே நின்றார், கைகளைப் பின்னால் விரித்துக் காட்டிக்கொண்டு.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் முழங்கால் ஒத்துழைக்கும் வரை போய்ப் பார்ப்பேன். அந்தப் பாதைக்கு நிரந்தரமாக ஒரு காவல் வரட்டும். வந்ததும், நான் மூடிய புள்ளிகளை என் கையாலேயே திறந்துவைப்பேன், ஒன்று விடாமல், நீ நடந்த அதே வரிசையில். அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று மாலினிக்கு விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன். திருப்பிச் சொல்லவும் வைத்துவிட்டேன்.

அதுவரைக்கும் முதல் இடத்தில் அந்தப் புல்லுக்காரர் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து,
உன் அண்ணன் மனைவி, உன்னோடு சண்டை போட இனி ஆளில்லாத
உன் அண்ணி